எட்டு முடிச்சு

கோயிலுக்கு ஒரு விளக்கு கொடுத்தவர் பேரைக்கூட இந்த ஊரில் கல்லில் வெட்டி வைப்பார்கள். பைத்தியங்களுக்கு மலம் அள்ளிய மரியம்மாள் பேரை யாரும் எங்கேயும் வெட்டவில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, வைதேஹி எழுதுகிறாள். அவளைப் பற்றியும் இதில் வரும். முகத்தைச் சுளிக்காமல் எழுதட்டும்.

ஏனாத்தூர் சாலையில் பட்டு வியாபாரி ஒருவர், சித்தம் கலங்கிப் போன தன் தங்கைக்காக ஒரு வீடு கட்டினார். தங்கை செத்த பிறகு அதையே பெண்பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியாக்கினார். இருபது கட்டில். அதற்கு முன்னால் அப்படிப்பட்டவர்களைக் கோயில் மண்டபத்துத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமைதோறும் பட்டணத்திலிருந்து ரயிலில் ஒரு டாக்டரம்மா வருவார். மற்ற நாட்களில் கம்பவுண்டர் சிட்டிபாபு வைத்ததுதான் சட்டம். இருபத்தாறாம் வருஷம் தை மாதம், அந்த வீட்டில் நர்சு வேலை பழக ஏழு பெண்களை எடுத்தார்கள். அதில் நான் ஒருத்தி. எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பதினெட்டு வயதில் தாலி அறுத்தவள். அதற்கப்புறம் கொழுந்தன் வீட்டில் இருபத்தெட்டு வருஷம் பட்டு சுற்றினேன், சிக்கெடுத்தேன், அறுந்த இழையைப் பிணைத்தேன். கஞ்சிக்கு மேலே ஒரு வாய் சோறு கேட்டால் கொழுந்தன் பெண்சாதி என் முகத்தைப் பார்ப்பாள். அங்கிருந்து தப்பத்தான் நர்சு வேலைக்கு வந்தேன். தர்மம் செய்ய வரவில்லை.

வைதேஹி சின்ன காஞ்சிபுரத்து ஐயங்கார் வீட்டுப் பெண். இருபத்திரண்டு வயது. அவளும் என்னைப் போலப் பொட்டில்லாதவள். ஏழு பேரில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எங்களுக்கு வாத்தியார் மரியம்மாள். தாமல் ஏரிக்கரைச் சேரியில் பிறந்தவள். என்னைவிடப் பதினாலு வயது சின்னவள். பட்டணத்தில் பன்னிரண்டு வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள். துடைப்பத்தோடு வார்டுக்குள் போனவள், நர்சுகள் செய்வதைப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கையில் ஏற்றிக்கொண்டாள். டாக்டரம்மா அவளை அங்கேதான் கண்டுபிடித்து இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். நடுக்கூடத்தில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். நாங்கள் ஏழு பேரும் கீழே பாயில்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் காதில் விழட்டும் என்றே சொன்னேன்: "சேரிக்காரி கிட்டயா நான் பாடம் கேக்கணும்?"

அவள் கோபப்படவில்லை. "கேக்க வேணாம் பொன்னிம்மா. பாருங்க, அது போதும்" என்றாள்.

மனசுக்கு மருந்து டாக்டரம்மா பாடு. உடம்பைப் பார்ப்பதுதான் எங்கள் பாடம். முதல் நாள் மரியம்மாள் எங்களைக் கட்டில் கட்டிலாக நடத்திக்கொண்டு போய் ஒவ்வொருத்தியையும் காட்டி, "இவங்களுக்கு இன்னா நோவு?" என்று கேட்டாள். "பைத்தியம்" என்றோம். அடுத்தவள். "பைத்தியம்." மூன்றாவது கட்டிலில் ஒரு கிழவியின் வாயைத் திறந்து காட்டினாள். கடைவாயில் சீழ் கட்டி ஈறு வீங்கிக் கிடந்தது. "இவங்க எட்டு நாளா செவுத்துல தலைய முட்டிக்கிறாங்க. பைத்தியம்னு விட்டுட்டோம். பைத்தியத்துக்குப் பல்லு நோவாதா?" என்றாள்.

குளிப்பாட்டுவது, வாய் கழுவுவது, இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடுவது, முதுகையும் குதிகாலையும் வெளிச்சத்தில் பார்ப்பது, நாடி எண்ணுவது எல்லாம் பழக்கினாள். வைதேஹி மடிக்காரி. நாலடி தள்ளி நின்று சொம்பால் தண்ணீர் ஊற்றுவாள்.

"இன்னாம்மா இது, பெருமாளுக்குத் திருமஞ்சனமா? எட்ட நின்னுக்கினு ஊத்துறீங்களே! அக்குள்ல புண்ணு இருந்தா சொம்பு வந்து சொல்லுமா?"

"நேக்குத் தொட்டா என்னமோ பண்றது மரியம்மா."

"அவங்களுக்கும் உங்களத் தொட்டா இன்னாவோ பண்ணும்மா. பொறுத்துக்கிறாங்க இல்ல?"

இதை எழுதும்போது வைதேஹி சிரிக்கிறாள். அன்றைக்கு அழுதாள்.

எங்களில் ஒவ்வொருத்தியும் ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை நோயாளியாகக் கட்டிலில் கிடக்க வேண்டும். கையைத் துணியால் கட்டிவிடுவாள். மற்றவள் கஞ்சி ஊட்ட வேண்டும். என் முறை வந்தபோது வைதேஹி ஊட்டினாள். விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி. மூக்கில் ஏறிவிட்டது.

"கொல்லப் பாக்கிறியாடி பாப்பாத்தி!"

"கை நடுங்கறது மாமி..."

மரியம்மாள் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "தொண்டையப் பாருங்கம்மா. ஏறி எறங்கினாதான் அடுத்த கரண்டி. பொன்னிம்மாவுக்கு வாய் இருக்குது, திட்டினாங்க. திட்டத் தெரியாதவங்க செத்துப் போயிடுவாங்க" என்றாள்.

பாடம் தொடங்கிய வாரமே டாக்டரம்மா எங்கள் முன்னால் அவளிடம் சொல்லிவிட்டார்: "ஒரு வருஷம் பாக்கறேன் மரியம்மா. மேல எல்லாரும் எழுதப் படிக்கத் தெரிஞ்ச நர்ஸைத்தான் போடணும்கறா. படுக்கைப்புண்ணாலயோ மலம் கட்டியோ ஒருத்தி உயிருக்கு ஆபத்துன்னு வந்துதுன்னா, என்னால உன்னைத் தாங்க முடியாது. நீ பழையபடி துடைப்பம்தான்." மரியம்மாள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து தினம் காலையில் அந்த முக்காலியை ஈரத்துணியால் அவளே துடைப்பாள். வேறு யாரையும் துடைக்க விடமாட்டாள்.

எழுதத் தெரியாத எங்களுக்காக அவள் ஒரு வழி வைத்திருந்தாள். தறிக்காரத் தெருவில் மிஞ்சிய துண்டுப் பட்டு இழைகளை வாங்கிவந்து, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சிவப்பு இழை கட்டினாள். அன்றைக்கு அந்த நோயாளிக்கு வெளிக்குப் போகவில்லை என்றால், மாலையில் இழையில் ஒரு முடிச்சு. போய்விட்டால் பழைய இழையைக் கத்தரித்துவிட்டுப் புது இழை. மூன்று முடிச்சு விழுந்தால் விளக்கெண்ணெய். ஐந்து விழுந்தால் உடனே அவளுக்குச் சொல்ல வேண்டும். டாக்டரம்மாகூட வந்ததும் இழையைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார்.

எனக்கு அந்தக் கத்தரிக்கிற வேலை மட்டும் ஆகாது. பட்டைக் கத்தரிப்பதாவது! எங்கள் வீட்டில் முழ இழை வீணானால் கையை ஒடிப்பார்கள். கத்தரித்த துண்டுகளையும் பொறுக்கி மடியில் முடிந்துகொள்வேன்.

ஏழாவது கட்டிலில் அங்கம்மாள் இருந்தாள். மாகறல்காரி. புருஷன் கண்ணாயிரம் பாரவண்டி ஓட்டுகிறவன். ஒரே வாரத்தில் வாந்திபேதியில் பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன. அதிலிருந்து இரண்டு வருஷமாக, தான் முழுகாமல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த மாசம் பொறந்துடும்" என்பாள் எல்லா மாசமும். யாராவது பக்கத்தில் இல்லாவிட்டால் கட்டில் சட்டத்தில் தலையை இடித்துக்கொள்வாள். அதனால் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை அவள் கால்மாட்டில் உட்காருவது என் வேலை.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை தாமலில் மரியம்மாளுடைய தாய் இறந்துபோனாள். அவள் அவசரமாகக் கிளம்பினாள். வாசலில் நின்று, "முடிச்சப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். பட்டில் முடிச்சைப் பார்த்தால் எங்கள் கை சும்மா இருக்காது. முடிச்சு என்றால் குற்றம். நகத்தால் நெருடி, அவிழ்த்து, நீவி, நேராக்கினால்தான் தறிக்காரிக்கு மூச்சு வரும். நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், கைக்கு எட்டுகிற இடத்தில் நல்ல அரக்குச் சிவப்புப் பட்டு முடிச்சோடு தொங்குகிறது. அவிழ்த்துவிட்டேன். மறுநாள் இன்னொன்று இருந்தது. அதையும் அவிழ்த்தேன். மரியம்மாள் பக்கத்தில் இருந்திருந்தால் எட்டி வந்து கையைத் தட்டிவிட்டிருப்பாள். அவள் இல்லை. முடிச்சு எதற்கென்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். காதில் விழுந்திருந்தது. கை கேட்கவில்லை.

மாலை வேலைக்குத் தினம் வேறொருத்தி வருவாள். வருகிறவள் இழையில் முடிச்சே இல்லாததைப் பார்த்து, நேற்றுத்தான் போயிருக்கிறது என்று நினைத்து, அன்றைக்கு உள்ள ஒன்றைப் போட்டுவிட்டுப் போவாள். மறுநாள் மத்தியானம் அது என் கையில். புதன்கிழமை டாக்டரம்மாவும் வந்தார். ஏழாம் கட்டிலில் ஒரே முடிச்சு. தாண்டிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமையே அங்கம்மாள் கஞ்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். "கொழந்த அசையல. கல்லாயிடுச்சு" என்றாள்.

"கல்லானா நல்லதுதாண்டி, அம்மிக்கு ஆவும். துன்னு" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வியாழக்கிழமை வாந்தி எடுத்தாள். வயிற்றில் இரண்டு கையாலும் அறைந்துகொண்டு, "வெட்டி எடுங்க, கல்ல வெட்டி எடுங்க" என்று கத்தினாள். சிட்டிபாபு வாசற்படியிலிருந்தே பார்த்தார். "ஏமம்மா, வேடிக்கையா பாக்கறீங்கோ? பைத்தியம் முத்திப்போச்சு. கைய கட்டுங்கோ" என்றார் தன் தெலுங்குத் தமிழில். கட்டினோம். நான்தான் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மரியம்மாள் திரும்பி வந்தாள். மூட்டையைக்கூட இறக்காமல் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், ஏழாவதில் நின்றாள். அங்கம்மாள் கண் குழிந்து, நாக்கு வறண்டு, முனகிக்கொண்டு கிடந்தாள். மரியம்மாள் முதலில் கைக்கட்டை அவிழ்த்தாள். புடவையை விலக்கி அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். அமுக்கினாள். இன்னொரு இடத்தில் அமுக்கினாள்.

"எத்தினி நாளாச்சு?"

"நூல்ல ஒண்ணுதான் இருக்குது" என்றாள் ஒருத்தி.

மரியம்மாள் இழையைக் கட்டிலிலிருந்து அவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முடிச்சு அவிழ்ந்தாலும் பட்டு மறக்காது. முடிச்சு விழுந்த இடத்தில் ஒரு சின்ன வளைவு நிற்கும். இது தறிக்காரிகளுக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அவள் விரலை இழைமேல் நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். ஏழு வளைவு, ஒரு முடிச்சு.

"எட்டு" என்றாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வெண்ணி வைங்க. சோப்பு, வெளக்கெண்ண, ரப்பர் கொழாய். வைதேஹிம்மா, தலமாட்டுல ஒக்காந்து நாடியப் புடிங்க. பொன்னி, நகத்த ஒட்ட வெட்டிக்கினு வா."

அதுவரை என்னைப் பொன்னிம்மா, நீங்க என்றவள். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பொன்னி என்றாள். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தேன்.

அங்கம்மாளை இடது பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கினோம். ஆசனவாயிலேயே மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டிருந்தது. கையால் எடுத்தால்தான் வழி.

"எண்ணெயத் தோச்சுக்கோ. ஒரு வெரலு. குத்தாத, தோண்டாத. பட்டு முடிச்ச அவுக்கறே இல்ல, அப்பிடி. சுத்தி வா. ஓரத்துல இருந்து நெருடு. கொஞ்சம் கொஞ்சமா."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் குரலில் கோபமில்லை. பாடம் சொல்லும் குரல்தான்.

"நாடி எப்பிடிம்மா?"

"தொண்ணூத்தெட்டு. விட்டு விட்டு அடிக்கறது" என்றாள் வைதேஹி.

"நிறுத்து பொன்னி. கைய எடு. மூச்சு வாங்கட்டும்... இப்ப?"

"சரியாறது."

"ம். மறுபடி."

நான் எடுத்தேன். கருகின கரித்துண்டு போல வந்தது. நடுவில் நிமிர்ந்து பார்த்தேன். அங்கம்மாளின் தலை வைதேஹியின் மடியில் இருந்தது. வாந்தி வழிந்த வாயை அவள் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மரியம்மாள் சோப்புத் தண்ணீரை மெதுவாகக் குழாயில் விட்டாள். அதற்கும் ஒரு மணி நேரம் ஆனது. பிறகு எல்லாம் போனது. நாங்கள் மூன்று பேரும் நனைந்துவிட்டோம். கழுவித் துடைத்து, கரண்டி கரண்டியாக உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தோம். தொண்டை ஏறி இறங்கிய பிறகே அடுத்த கரண்டி. அங்கம்மாள் சாயங்காலம் வரை தூங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கொழந்தய எடுத்துட்டீங்களா? எங்க பொதச்சீங்க?" என்று கேட்டாள்.

அது குழந்தை இல்லடி, பீ என்று சொல்ல என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மரியம்மாள் என் காலை மிதித்தாள். அவள் அங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "வயிறு நோவுதாம்மா?" என்றாள்.

"இல்ல."

"தொட்டுப் பாரு."

அங்கம்மாள் தன் கையாலேயே வயிற்றைத் தடவினாள். மேலும் கீழும் தடவினாள். அது ஒட்டிக் கிடந்தது. "தர்மன் போயிட்டான்" என்றாள். பிறகு, "எல்லம்மாவும் போயிட்டா."

அதுவரை அந்தப் பேர்களை அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவள் பிள்ளைகள் பேர் என்று புருஷன் சொல்லித்தான் தெரியும். மத்தியானம் வரை அழுதாள். மரியம்மாள் தேற்றவில்லை. மூக்கைத் துடைத்தாள், நனைந்த துணியை மாற்றினாள், தண்ணீர் கொடுத்தாள். "அழட்டும். நீ நாடியப் பாத்துக்கினு இரு" என்றாள் என்னிடம். அங்கம்மாளுக்குச் சித்தம் முழுசாகத் தெளிந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. மறு ஆடியில் கண்ணாயிரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போனான்.

அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா அந்த இழையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வரிசையாக நிறுத்தினார். "யார் அவிழ்த்தது?"

என் நாக்குக்கு இந்த ஊரே பயப்படும். அன்றைக்கு அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கொழுந்தன் வீட்டுக் கஞ்சிச் சட்டி என் கண் முன்னால் வந்து நின்றது.

மரியம்மாள்தான் பேசினாள். "பாடம் என்னுதும்மா. ஏன்னு ஒரு தடவதான் சொன்னேன். கைக்கு ஒரு தடவ போதாது. அது என் தப்பு."

சிட்டிபாபு இதற்கென்றே காத்திருந்தவர் போல, "எழுத்து இல்லாதவ நூல்ல கணக்கு வெச்சா இப்படித்தான் ஆவும்" என்றார்.

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். "நான் சொன்னது ஞாபகம் இருக்கா மரியம்மா?"

"இருக்குதும்மா."

"அடுத்த மாசம் பட்டணத்திலேர்ந்து நர்ஸ் வருவா. கட்டிலுக்குக் கட்டில் காகிதம் மாட்டிடலாம்."

அன்று சாயங்காலம் மரியம்மாள் கிணற்றடியில் பீங்கான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"நான்தான் அவுத்தேன்."

"தெரியும்" என்றாள், நிமிராமல். "முடிச்ச நகத்தால அவுத்து நீவி உட்டிருந்துது. தறிக்காரி கைய வுட்டா வேற யாரு கை அது?"

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"என்னத் தள்ளினா எனக்குத் தொடப்பம் இருக்குது. உங்களத் தள்ளினா உங்களுக்கு இன்னா இருக்குது?" கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, "பொன்னிம்மா, கை நல்ல கை. அத வீணாக்கக் கூடாது" என்றாள். மறுபடியும் 'ம்மா' வந்துவிட்டது. அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

ஒரு வாரம் பொறுத்து, அடுத்த புதன்கிழமை, டாக்டரம்மா முன்னால் போய்ச் சொன்னேன். "கடுதாசி போயாச்சு பொன்னியம்மா. நர்ஸும் வரேன்னுட்டா. போய் வேலையைப் பார்" என்றார். அவ்வளவுதான். என்னைத் தள்ளவில்லை. அவளை முக்காலியில் திரும்ப உட்கார வைக்கவும் இல்லை. நான் தறிக்காரி, அவள் சேரிக்காரி என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

பட்டணத்து நர்சம்மா நல்லவள்தான். புத்தகத்தை வைத்துப் பாடம் சொன்னாள். பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினாள். ஆனால் நிஜமாகவே ஒருத்திக்கு முதுகு சிவந்தாலும், தொண்டையில் கஞ்சி இறங்காவிட்டாலும், "மரியம்மாவைக் கூப்பிடு" என்பாள். மரியம்மாள் துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு, கை கழுவி, உள்ளே வந்து செய்துவிட்டு, திரும்பத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவாள். முக்காலிப் பக்கம் போகவே மாட்டாள். அதைச் சுற்றிப் பெருக்குவாள்.

தலைமாட்டில் காகிதம் தொங்கியது. கால்மாட்டில் சிவப்பு இழையை நான் விடாமல் கட்டிவந்தேன். நர்சம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். இடுப்பில் ஒரு கத்தரிக்கோலைக் கட்டிக்கொண்டேன். நல்ல பட்டு என்று பார்க்காமல் கத்தரிக்கிறேன், இன்றைக்கும். துண்டுகளைப் பொறுக்குவதில்லை.

முப்பத்தைந்தாம் வருஷம் மாசியில் மரியம்மாளுக்கு விஷக்காய்ச்சல். இரண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று தாமலுக்குப் போனாள். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. வைதேஹியும் நானும் வண்டி பிடித்துப் போனபோது அடக்கம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. அவள் தங்கை குடிசைக்குள் கூப்பிட்டுக் கோணி விரித்தாள். நான் சேரிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"காச்சல் எறங்கிடுச்சும்மா" என்றாள் தங்கை. "ஆனா முதுகெல்லாம் ஓட்ட. எலும்பு தெரிஞ்சுது. அந்தப் புண்ணுலதான் செத்துது."

"திருப்பிப் போட்டீங்களா?" என்றேன்.

"திருப்பணுமா?" என்றாள். "அப்பிடி யாரும் சொல்லலியேம்மா. அக்காவுக்கும் கடசியில பேச்சு இல்ல."

வைதேஹி முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தங்கையைக் கோணியில் படுக்கச் சொன்னேன். அவள் பயந்துபோய்ப் படுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து கூடினார்கள். முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையை அவள் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்தேன்.

"நான் சொல்றதக் கேக்க வேணாம்" என்றேன். "பாருங்க."